உண்டியல் காசில் ஒரு 'கேம்'!

குட்டீஸ்... 'டிவி'யில் இணைத்து விளையாடும் 'வீடியோ கேம்' பெட்டி, உங்களில் சிலர் வீட்டில் இருக்கும். மற்றவர்கள், மாமா வீட்டிலோ, நண்பன் வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். பெட்டியை வாங்கி விட்டால் செலவு முடிந்தது என்று தான் பெரியவர்கள் நினைக்கின்றனர். உண்மையில், அங்கே தான் செலவே ஆரம்பிக்கிறது. 'கிரைண்டர்' வாங்கினால் மட்டும் இட்லி வந்து விடுமா? அரிசியும், உளுந்தும் வேண்டாமா?

விலையைக் கொஞ்சம் பாருங்கள். 'பிளே ஸ்டேஷன் 5' என்ற பெட்டி, 2021, பிப்ரவரி 2ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 'டிஸ்க்' போட்டு விளையாடும் பெட்டியின் அன்றைய விலை, 49 ஆயிரத்து 990 ரூபாய். அதற்கென்று சோனி நிறுவனமே வெளியிட்ட புது 'கேம்' ஒன்றின் விலை, 4,999 ரூபாய். அம்மாடியோவ்! வாரம், 50 ரூபாய் உண்டியலில் போட்டால், ஒரே ஒரு 'கேம்' வாங்க, 100 வாரம் ஆகும். ஆறாம் வகுப்பு சேர்ந்த அன்று ஆரம்பித்தால், ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த விடுமுறையில் தான் கைக்கு வரும்.

(பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தே தலை நரைத்த வாத்தியார் நான். அதனால், கணக்கில் ஆரம்பித்து விட்டேன். பொறுத்துக் கொள்ளுங்கள்!)

இரண்டு வருடச் சேமிப்பில் வாங்குவது, இரண்டே நாளில் அலுத்துப் போனால் எப்படி இருக்கும்? அதனால் தான், எதை வாங்கலாம், எதை விடலாம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

9999 'கேம்'... ஒரே 'கேசட்'டில்!

உங்கள் அப்பா, சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். 1990களில் அவர்கள் விளையாடியது வேறு மாதிரிப் பெட்டி. 'டிவி'யின் பின்னால் ஒயரைச் செருகி, பெட்டியின் தலையில், 'கேசட்' ஒன்றை அழுத்த வேண்டும். அது பாட்டுக் கேட்கும் 'கேசட்' அல்ல. உள்ளே, 'சிப்' பதித்த பச்சைப் பலகை இருக்கும். படம் வராவிட்டால், 'கேசட்'டைக் கழற்றி, வாயால், 'உப்... உப்' என்று ஊதி விட்டுத் திரும்பச் செருகுவர்.

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும், ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், 1983 ஜூலையில் வெளியிட்ட, 'பேமிகாம்' பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். நின்டெண்டோ, கியோட்டோ நகரத்துக் கம்பெனி. 1889ல் துவங்கிய போது, அவர்கள் தயாரித்தது என்ன தெரியுமா? சீட்டுக் கட்டு!

நகல் பெட்டியோடு வரும் 'கேசட்'டின் மேல், '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கடைக்காரர் சொல்வதற்கு முன்பே, பையன்கள் மயங்கி விடுவர். பத்தாயிரத்துக்கு ஒன்று குறைவு அல்லவா! தினம் ஒன்று விளையாடினால், 27 வருடம் ஓடும். ஆனால், வீட்டில் போய்ப் போட்டுப் பார்த்தால், முதல் பக்கத்தில் இருப்பதே அடுத்த பக்கத்திலும் வரும். மரியோ ஓடுவான், சுடுவான், பீரங்கி வண்டி வரும், மறுபடியும் அதே மரியோ, ஆனால், மூன்றாம் கட்டத்தில் இருந்து ஆரம்பிப்பான். அதற்கு வேறு பெயர், வேறு எண்! உள்ளே உண்மையில் இருப்பது, கை விரல்களை விட்டு எண்ணக் கூடிய அளவு தான்.

ஆனால், ஒரு வேடிக்கை. அந்த விரல் விட்டு எண்ணும் ஆட்டங்களையே பிள்ளைகள் வருடக்கணக்கில் விளையாடினர். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளியானது. அதன் மொத்த அளவு, 40 'கிலோபைட்' தான். இன்று, உங்கள் அம்மாவின் மொபைல் போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ, அதை விடப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சின்ன இடத்துக்குள், 32 கட்டங்கள், ஒளிந்திருக்கும் குழாய்கள், மேகத்துக்கு மேல் ஏறும் கொடி எல்லாம் அடக்கியிருந்தனர். முதல் காளானைப் பார்த்ததும் தாண்ட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள்; ஒருமுறை செத்தால் தானே புரிந்து விடும். பாடம் சொல்லித் தரும் முறை இது. இதைச் செய்தவருக்கு நான், நூற்றுக்கு நூறு போடுவேன்.

அட்டையில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கும், உள்ளே இருக்கும் சரக்குக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு, இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும், '100 மணி நேரம் விளையாடலாம்' என்று அட்டையில் போடுகின்றனர். அந்த, 100 மணி நேரத்தில், 60 மணி நேரம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால்?

பாலைவனத்தில் புதைத்த 'கேம்!'

அமெரிக்காவில் நடந்த கதை இது. 1982ல், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய, 'ஈ.டி.,' படம் வெளியாகி, ஊரெல்லாம் அதே பேச்சு. வேற்றுக் கிரகத்தில் இருந்து வந்த குட்டி உயிரினத்தின் கதை. அப்போது, வீட்டில் விளையாடும் 'கேம்' உலகத்தில் ராஜாவாக இருந்தது, 'அட்டாரி' நிறுவனம். படத்தை வைத்து ஒரு 'கேம்' செய்து, கிறிஸ்துமசுக்குள் கடைக்கு அனுப்பி விட வேண்டும் என்று முடிவு செய்தனர்.

ஒரு 'கேம்' செய்ய, அந்தக் காலத்திலேயே பல மாதங்கள் ஆகும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கொடுக்கப்பட்ட நேரம், ஐந்தே வாரம்! அவர் திறமைசாலி. ஆனால், ஐந்து வாரத்தில் யார் தான் என்ன செய்ய முடியும்? அடுப்பில் வைத்த அரிசியை அரை நிமிடத்தில் இறக்கச் சொன்னால், சோறா வரும்?

படத்தை ஆசை ஆசையாகப் பார்த்த பிள்ளைகள், அதே ஆசையோடு, 'கேம்' வாங்கினர். போட்டுப் பார்த்தால், ஈ.டி., நடக்கும், குழியில் விழும், கழுத்தை நீட்டி மேலே வரும், மறுபடியும் குழியில் விழும். என்ன செய்ய வேண்டும் என்றே பலருக்குப் புரியவில்லை. கடைகளில் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தனர். 'அட்டாரி' தயாரித்தது, 40 லட்சத்துக்கும் மேல். விற்றது, சுமார் 15 லட்சம் தான்.

மிச்சத்தை என்ன செய்வது? 1983 செப்டம்பரில், நியூ மெக்சிகோ மாநிலத்தில், அலமகோர்டோ என்ற பாலைவன ஊரின் குப்பைக் கிடங்குக்கு, லாரி லாரியாகக் கொண்டு போய்ப் புதைத்து, மேலே கான்கிரீட் ஊற்றி விட்டனர். ரொம்ப நாள், இது கட்டுக்கதை என்றே பலர் நினைத்திருந்தனர். 2014, ஏப்ரல் 26ல் தோண்டிப் பார்த்த போது, நசுங்கிய அட்டைப் பெட்டிகளோடு, 'ஈ.டி.,' வெளியே வந்தது. கூடவே, 'அட்டாரி'யின் வேறு 'கேம்'களும் வந்தன. மொத்தம், 1,300 அளவுக்கு எடுத்த பின், குழியை மூடி விட்டனர்.

இந்த ஒரு 'கேம்' மட்டும் காரணம் என்று சொல்லி விட முடியாது. யார் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் செய்து கடையில் அடுக்கிய காலம் அது. ஏமாந்த பெற்றோர், காசு கொடுப்பதையே நிறுத்தி விட்டனர். அமெரிக்காவில், 1983ல், 320 கோடி டாலராக இருந்த இந்த வியாபாரம், 1985ல், சுமார் 10 கோடி டாலராகச் சுருண்டு விட்டது என்று சொல்கின்றனர்.

அதன் பின் நின்டெண்டோ அமெரிக்காவுக்குள் வந்த போது, ஒரு காரியம் செய்தது. தன் பெட்டியில் ஓடும், 'கேம்'களின் மேல் ஒரு முத்திரை போட்டது. வெளிக் கம்பெனி ஒன்று, வருடத்துக்கு ஐந்து 'கேம்' தான் வெளியிடலாம் என்று கட்டுப்பாடும் வைத்தது. 'ஐந்து தான் என்றால், ஐந்தையும் ஒழுங்காகச் செய்' என்று அர்த்தம்!

'பழைய காலத்தில் நடந்தது, இப்போது அப்படி எல்லாம் நடக்காது' என்கிறீர்களா? 2020 டிசம்பர் 10ல், போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்று, 'சைபர்பங்க் 2077' என்ற, பெரியவர்களுக்கான 'கேம்' ஒன்றை வெளியிட்டது. உலகமே வருடக்கணக்கில் காத்திருந்த 'கேம்' அது. 'பிளே ஸ்டேஷன் 4'ல் போட்டால் திக்கியது, நின்றது, மனிதர்கள் சுவருக்குள் நடந்தனர். எட்டே நாளில், சோனி அதைத் தன் இணையக் கடையில் இருந்து எடுத்து விட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் தான் மறுபடியும் கடைக்கு வந்தது. பின்னர், பெருமளவு சரி செய்து விட்டனர். இன்று அதைப் பாராட்டுவோரும் உண்டு. ஆனால், முதல் நாளே முண்டியடித்து வாங்கியவர்கள் தான், முழு விலை கொடுத்து அரை வேக்காடு சாப்பிட்டவர்கள்.

ஆகவே, வெளியான அன்றே வாங்காதீர்கள். மூன்று மாதம் பொறுங்கள். விலையும் குறையும், யார் யார் திட்டுகின்றனர் என்பதும் தெரிந்து விடும். விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது, சமையல் புத்தகத்தின் அட்டைப் படம் மாதிரி. யாராவது சாதாரணமாக உட்கார்ந்து அரை மணி நேரம் விளையாடும் வீடியோவை, வெட்டு ஒட்டு இல்லாமல் பாருங்கள். பார்க்கும் போதே கொட்டாவி வந்தால், அங்கேயே விடை கிடைத்து விட்டது.

கிட்டிப்புள்ளுக்குக் காசா?

நம் நாட்டிலேயே, நம் பிள்ளைகளுக்கென்று, 'கேம்' செய்தனரா? செய்தனர். 'பிளே ஸ்டேஷன் 2' பெட்டிக்காக, ஐதராபாத் கம்பெனிகள் இரண்டு, 2009ல், ஆளுக்கு ஒன்று வெளியிட்டன. ஒன்று, 'ஹனுமான்: பாய் வாரியர்!' குட்டி அனுமன் கதையோடு கிளம்பி சண்டை போடும் ஆட்டம். இன்னொன்று, 'தேசி அட்டா!' அதில் கபடி, கிட்டிப்புள், காற்றாடி விடுவது எல்லாம் இருந்தன.

எனக்கு இதில் ஒரு சிரிப்பு. எங்கள் திருப்பரங்குன்றத்தில், மலையடிவாரப் பொட்டலில், ஒரு குச்சியை இரண்டாக வெட்டி, சின்னதைக் கூராகச் சீவினால் கிட்டிப்புள் தயார். செலவு, பூஜ்யம்! அதையே, 'டிவி'க்குள் வைத்துக் காசு கொடுத்து வாங்குவானேன்? ஆனால், வேறு பக்கமும் இருக்கிறது. பொட்டலே இல்லாத பட்டணத்துப் பிள்ளைக்கு, கிட்டிப்புள் என்ற பெயராவது அதில் தான் தெரிய வந்திருக்கும். யாருக்கு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

நீங்களும் இப்படி யோசிக்கலாம். தெருவில் இறங்கினால் கிடைக்காத எதை, இந்த 'கேம்' எனக்குத் தருகிறது? வானத்தில் பறப்பது, கடலுக்கடியில் நீந்துவது, எறும்பாக மாறி நடப்பது... இதற்குக் காசு கொடுக்கலாம். 'கேரம்' பலகையையும், பரமபதத்தையும், 'டிவி'யில் வாங்குவது வீண். வீட்டுப் பரணில் தேடினால் கிடைக்கும்.

கனடாவில் வெந்த இட்லி!

தமிழ்ப் பிள்ளைகள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய, 'கேம்' ஒன்று இருக்கிறது. பெயர், 'வெண்பா!' கனடா நாட்டின் டொரன்டோ நகரில் உள்ள, 'விசை கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்தது. 2023, ஜூலை 31ல் வெளியானது. 'பிளே ஸ்டேஷன் 5, நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ் பாக்ஸ்' மற்றும் கம்ப்யூட்டரில் விளையாடலாம்.

கதை இது தான்... தமிழகத்தில் இருந்து, 1980களில் கனடாவில் குடியேறிய பெண், வெண்பா. கணவர், பாவலன். அங்கே அவர்களுக்கு ஒரு மகன் பிறக்கிறான், பெயர், கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு, பழசாகி, கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. பாதி தான் படிக்க முடிகிறது. மீதியை நீங்கள் யோசித்துச் சமைக்க வேண்டும்.

முதல் சமையல், நம் இட்லி தான்! இட்லித் தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்கினால், ஆவி எல்லாக் குழிக்கும் போய்ச் சேரும்? தினமும் காலையில் அம்மா கண்ணை மூடிக் கொண்டு செய்கிற வேலை. ஒருமுறையாவது அதைக் கவனித்திருக்கிறோமா நாம்? உலகம் முழுக்க, இட்லியே பார்த்திராத பிள்ளைகள், கன்னத்தில் கை வைத்து அதை யோசித்திருக்கின்றனர். எனக்கு அது பெருமையாக இருக்கிறது.

கவின் வளர வளர, தமிழில் பேசக் கூச்சப்படுகிறான். பள்ளிக்கு நம் சாப்பாட்டை எடுத்துப் போக வெட்கப்படுகிறான். அம்மாவின் முகத்தைப் பார்க்க நமக்கே கஷ்டமாக இருக்கும். சண்டை கிடையாது; துப்பாக்கி கிடையாது; புள்ளிக் கணக்கு கிடையாது. 2024ல், லண்டனில் வழங்கும் 'பாப்டா' விருதுகளில், முதல் படைப்புக்கான பரிசு இதற்குத் தான் கிடைத்தது. அதே ஆண்டு, சிறு குழுக்கள் செய்யும் 'கேம்'களுக்கான அமெரிக்க விழாவிலும் முதல் பரிசு!

இப்போது வருகிறது சிக்கல். 'வெண்பா'வை, ஒன்றரை மணி நேரத்தில் முடித்து விடலாம். ஒரு சினிமாவை விடக் குறைவு! 'இவ்வளவு தானா? இதற்கா காசு?' என்று முணுமுணுத்தோரும் உண்டு. மணிக் கணக்குப் போட்டால், 100 மணி நேர, 'கேம்' தான் லாபம். ஆனால், பத்து வருடம் கழித்து எது ஞாபகம் இருக்கும் என்று கேட்டால், என் ஓட்டு இட்லிக்குத் தான். இருந்தாலும், வருடத்துக்கு ஒன்றே ஒன்று தான் வாங்க முடியும் என்ற வீட்டில், ஒன்றரை மணி நேர, 'கேம்' போதாது என்பதும் நியாயம் தான். அதை மறுக்க மாட்டேன்.

நான்கு கை இருந்தால் நல்லது!

எங்கள் தெருவில், ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அப்பா, 'செகண்ட் ஹேண்டில்' ஒரு, 'பிளே ஸ்டேஷன் 4' பெட்டி வாங்கிக் கொடுத்து, 'இனி, வருடத்துக்கு ஒரு, 'கேம்' தான். அதுவும் உன் உண்டியல் காசில்' என்று சொல்லி விட்டார். பையனுக்கு ஒரு தங்கை, நான்காம் வகுப்பு. பெட்டி வந்த நாளில் இருந்து, 'நான் ஒருத்தி இருப்பதே இவனுக்கு மறந்து விட்டது தாத்தா' என்று என்னிடம் புகார்.

பையன், நோட்டில் மூன்று பெயர் எழுதி வந்து காட்டினான். முதலில், கிரிக்கெட். அடுத்து, வகுப்பில் எல்லாரும் பேசுகிற சண்டை, 'கேம்!' மூன்றாவது, 'ஓவர்குக்டு' என்று, ஓட்டல் சமையலறையில் காய் வெட்டித் தட்டில் வைத்துக் கொடுக்கும் ஆட்டம்.

சண்டை, 'கேம்' அட்டையின் மூலையைப் பார்க்கச் சொன்னேன். அங்கே ஒரு கட்டத்துக்குள், 18 என்று இருந்தது. இந்த எண்ணைப் பலர், ஏதோ 'மாடல் நம்பர்' என்று நினைக்கின்றனர். இது, எந்த வயதுக்கு ஏற்றது என்று ஐரோப்பாவில் உள்ள, 'பெகி' என்ற அமைப்பு, 2003ல் இருந்து போடும் அடையாளம். 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படி உண்டு. அமெரிக்காவில், எண்ணுக்குப் பதில் எழுத்து போடுவர். நம் ஊரில், 'பிரவுசிங் சென்டர்' காலத்தில் இருந்து பிள்ளைகள் விளையாடும், கார் திருடும் 'கேம்' இருக்கிறதே, 'ஜி.டி.ஏ.,' அதுவும் 18 தான்! ஒன்று கவனியுங்கள்... அந்த எண், விளையாடக் கஷ்டமா, சுலபமா என்பதைச் சொல்வது அல்ல. செஸ் கஷ்டம் தான். அதற்கு யார் 18 போடுவர்? ரத்தம், கெட்ட வார்த்தை, சூதாட்டம் இருக்கிறதா என்பதைப் பார்த்துப் போடுவது. ஆகவே, 'நான் நன்றாக விளையாடுவேன், 18 போட்டாலும் பரவாயில்லை' என்ற வாதம் செல்லாது. பையன் அந்தப் பெயரை அடித்து விட்டான். முகம் கொஞ்சம் வாடித் தான் போயிற்று.

கிரிக்கெட்டுக்கு வருவோம். விளையாட்டு, 'கேம்'களில் ஒரு தந்திரம் உண்டு. வருடா வருடம், ஆண்டின் எண்ணை மட்டும் மாற்றி, புதுசு என்று விற்பர். கால்பந்தில், 'பிபா' என்ற பெயரில், 1993ல் துவங்கி, 2022 வரை வருடம் தவறாமல் வந்தது. இப்போது வேறு பெயரில் தொடர்கிறது. வீரர்கள், சட்டை மாறியிருக்கும். ஆட்டம் பெரும்பாலும் அதே ஆட்டம். புதுசு வந்ததும், போன வருடத்தினுடையது பாதி விலைக்கும் கீழே வந்து விடும். அவசரம் இல்லாதவனுக்கு லாபம்.

கிரிக்கெட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நிஜ வீரர்களின் பெயர், முகம் போட உரிமம் வாங்க வேண்டும். 2006ல் வந்த, 'கிரிக்கெட் 07' ஞாபகம் இருக்கிறதா என்று உங்கள் அண்ணன்மார்களைக் கேளுங்கள். அதில், ஆஷஸ் தொடருக்கு உரிமம் இருந்தது. நம் அணி வீரர்கள் பெயரோ உருமாறிக் கிடந்தது. நமக்குப் பிடித்த அணியே இல்லாமல், பிடித்த ஆட்டம் மட்டும் இருந்தால் ருசிக்குமா? ஆனால், அதையும் பொருட்படுத்தாமல் வருடக்கணக்கில் அதை விளையாடிய வீடுகள் ஏராளம்! மட்டையில் பந்து படுகிற சுகம் சரியாக அமைந்து விட்டால், பெயரைப் பிள்ளைகளே திருத்திக் கொள்கின்றனர்.

'ஓவர்குக்டு' 2016ல் வந்தது. 3 என்ற அடையாளம். ஒரே சோபாவில், இரண்டு பேர், நான்கு பேர் உட்கார்ந்து விளையாடலாம். ஒருவர் வெங்காயம் வெட்ட, ஒருவர் கொதிக்க வைக்க, ஒருவர் தட்டுக் கழுவ... கொஞ்சம் ஏமாந்தால் அடுப்பு தீப்பிடிக்கும். ஒரே கத்தலாக இருக்கும். பல்லாங்குழிக்கு எதிரில் ஆள் வேண்டும் என்பது போல, இதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

'எதை வாங்கலாம் தாத்தா?' என்றான். நான் சொல்லவில்லை. காசு அவனுடையது. 'கிரிக்கெட் வாங்கினால் தங்கச்சி என்ன செய்வாள்?' என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து, 'ஓவர்குக்டு' வாங்கப் போவதாகச் சொன்னான். தங்கை, தன் உண்டியலில் இருந்து, 200 ரூபாய் தருகிறாளாம்! இப்போது அந்த வீட்டுச் சத்தம், என் வீடு வரை கேட்கிறது. தட்டுக் கழுவுவது எப்போதும் அவன் தானாம்.

வாங்கிய பிறகும் கை நீட்டும்!

சில, 'கேம்' வாங்கியதோடு விடாது. 'இந்தச் சட்டைக்கு 200 ரூபாய், இந்தத் தங்கப் பெட்டியைத் திறக்க 400 ரூபாய்' என்று உள்ளே கடை விரித்திருக்கும். 'இலவசம்' என்று வருபவை தான் இதில் மோசம். அப்பா போனுக்கு வரும், 'ஓ.டி.பி.,' எண்ணைப் பார்த்துப் போட்டு விட்டு, மாதக் கடைசியில் மாட்டிக் கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாமல், காசு கட்டித் திறக்கும் பெட்டி, சூதாட்டம் தான் என்று, 2018ல் பெல்ஜியம் நாடு தடை செய்தது. அதே ஆண்டில் இருந்து, 'பெகி' அமைப்பு, 'உள்ளே வாங்க வேண்டியவை உண்டு' என்பதற்கும் அட்டையில் ஓர் அடையாளம் போடுகிறது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும், 'ஆன்லைன்' ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை, நம் பார்லிமென்டும், 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. வாங்கும் முன், அட்டையின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படியுங்கள். வினாத்தாளையே முழுதாகப் படிக்காதவர்கள் நீங்கள்... எனக்குத் தெரியாதா!

'டிஸ்க்'கா, 'டவுன்லோடா?'

முடிந்த வரை, 'டிஸ்க்' வாங்குங்கள் என்பேன். முடித்த பின், நண்பனுக்குக் கொடுத்து, அவனுடையதை வாங்கி விளையாடலாம். கடையில் பாதி விலைக்கு விற்று, அடுத்ததுக்குச் சேர்த்துக் கொள்ளலாம். இணையக் கடையில் வாங்கி இறக்கியதை யாருக்கும் கொடுக்க முடியாது. அந்தக் கடையே ஒருநாள் மூடியும் போகலாம். 'நின்டெண்டோ 3டிஎஸ், வீ யு' என்ற இரண்டு பெட்டிகளுக்கான இணையக் கடையில், 2023, மார்ச் 27ல் விற்பனையை நிறுத்தி விட்டனர். 'டவுன்லோடி'ல் இடப் பிரச்னையும் உண்டு. இப்போது ஒரு பெரிய, 'கேம்' 100 'ஜிகாபைட்' வரை இடம் பிடிக்கிறது. முதலில் வந்த, 'பிளே ஸ்டேஷன் 5'ல், 825 'ஜிகாபைட்' என்று சொன்னாலும், நமக்குக் கிடைத்தது, 667 தான். ஏழெட்டு பெரிய, 'கேம்' இறக்கினால், பெட்டி நிரம்பி விடும். ஆனால், 'டிஸ்க்' போடும் வசதியே இல்லாத பெட்டிகளும் விற்கின்றனர்; பெட்டி வாங்கும் போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

'செகண்ட் ஹேண்ட்' வாங்கப் போகிறவர்கள், அப்பாவைக் கூட்டிக் கொண்டு போங்கள். 'பிளே ஸ்டேஷன் 4'க்கான, 'டிஸ்க்'குகள் பெரும்பாலும், 'பிளே ஸ்டேஷன் 5'ல் ஓடும். 5க்கானது, 4ல் ஓடாது. பழைய 2, 3க்கானவை இரண்டிலுமே ஓடாது. ஆகவே, அட்டையில் எந்த எண் என்று பாருங்கள். 'டிஸ்க்'கை வெளியே எடுத்து, ஓரத்தைப் பிடித்துக் கொண்டு, 'டியூப் லைட்' வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய கீறல் பரவாயில்லை. விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் வேண்டாம். உள்ளே, சீட்டில் ஒரு ரகசிய எண் அச்சடித்திருந்தால், அதை முதலில் வாங்கியவர் பயன்படுத்தி முடித்திருப்பார். அதற்காகக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கடையிலேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் மாற்றித் தருவாரா என்று கேட்டு, அதை, 'பில்'லின் பின்னால் எழுதி, கடை முத்திரையோடு வாங்கிக் கொள்ளுங்கள்.